புகை வாசத்துக்கு எத்தனை மார்க்

ஜவ்வரிசியைப் பார்க்கக் கறுப்புத் தட்டு வேண்டும். விஸ்கியைப் பார்க்க வெள்ளைத் தட்டு வேண்டும். முதலாவதை வேலையில் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவதை எழுபது வயதுக்கு மேல் நானாகக் கண்டுபிடித்தேன். கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல் உயரம் ஊற்றி, அடியில் வெள்ளைப் பீங்கான் சாசரை வைத்து, வெயிலுக்குச் சற்றே சாய்த்துப் பிடித்தால், அந்த நிறம் சாசரின் மேல் விழுந்து மெல்ல ஆடும். பனங்கற்கண்டு கரைந்துகொண்டிருக்கும் தண்ணீரின் நிறம். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

என் வேலை சேலத்தில், ஏலத்துக்கு முன்னால் ஜவ்வரிசியைத் தரம் பார்க்கும் அறையில். மில்காரர்கள் கொண்டுவரும் மூட்டைகளில் குத்தூசியைச் செருகி எடுத்த சாம்பிள் என் முன்னால் கறுப்புத் தட்டில் வந்து விழும். ஐந்து தலைப்பு: நிறம், உருண்டை, ஈரம், தூசி, வாசம். தலைப்புக்கு இருபது மார்க். முப்பத்து மூன்று வருடத்தில் எந்தத் தலைப்புக்கும் நான் பதினெட்டைத் தாண்டியதில்லை. இருபது போட்டுவிட்டு மறுநாள் அதைவிட நல்ல சரக்கு வந்தால் எங்கே போவது என்ற பயம்தான். ஓய்வு பெற்றதும் தட்டு போய்விட்டது. எண்ணுகிற பழக்கம் போகவில்லை. பேருந்தில் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். பூசை நேரத்தில் பீடத்து மெழுகுவர்த்திகளை எண்ணுவேன். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மனசு அன்றைக்கெல்லாம் ஒருமாதிரி இருக்கும்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் வைத்திருந்த ஒருவர் எனக்குச் சிநேகிதரானது ஒரு சண்டையில். ஒரு மழைக்காலத்தில் அவர் கொண்டுவந்த நாற்பது மூட்டையும் புகை வாசம் அடித்தது. ஜவ்வரிசியைக் காயப் போடுவதற்கு முன் பெரிய சட்டிகளில் இட்டு வறுப்பார்கள். அடியில் எரியும் விறகு ஈரமாக இருந்தால் புகை சரக்கில் ஏறிவிடும். எங்கள் அறையில் புகைக்கு மன்னிப்பு கிடையாது. மற்ற நான்கு தலைப்பிலும் பதினெட்டு வாங்கியிருந்தாலும், வாசத்தில் புகை இருந்தால் பூஜ்யம். மொத்தச் சரக்கும் தள்ளுபடி. நான் பூஜ்யம் போட்டேன்.

அவர் மேசையைத் தட்டினார். "புகைங்கறது உங்க மூக்குல இருக்குதுங்களா, என்ற மூட்டைல இருக்குதுங்களா? மறு சாம்பிள் எடுங்க!"

மறு சாம்பிள் கேட்பது மில்காரரின் உரிமை. அப்படிக் கேட்டால், தகராறுக்கு உட்பட்ட சாம்பிளைத் தகர டப்பாவில் போட்டு, நூல் சுற்றி, முடிச்சில் அரக்கு வைத்து, இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மறு சாம்பிள் பார்க்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. மறு சாம்பிளில் என்ன மார்க் விழுகிறதோ அதுவே கடைசி. பழையது அடிபட்டுப் போகும். மறுநாள் வேறு மூட்டையைக் குத்தினோம். அதிலும் புகை. அவர் டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "தோத்தவன் டீ வாங்கித் தரோணுமுங்க, ஆபீசருங்க. வாங்க" என்றார். நான் ஆபீசர் இல்லை. எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். இன்றைக்கு வரைக்கும் அவருக்கு நான் ஆபீசர்தான்.

மில்லை மூடிய பிறகும் அவர் மாதத்துக்கு ஒருமுறை பேசுவார். போன மார்ச் மாதம், மாதம் முடியும் முன்பே இரண்டாவது முறை பேசினார். அதிலேயே எனக்குச் சுருக்கென்றது.

"ஆபீசருங்களா? நாந்தானுங்க. நாக்குக்கு அடியில ஒரு கட்டிங்க. டெஸ்டுல அதேதான்னு வந்திருச்சு. ரேடியேசனுங்க, கரண்டு வெக்கோணுமுன்னு சொல்லீட்டாங்க."

"எப்பங்க?"

"வார திங்கக்கெழமைல இருந்துங்க. கட்டி போயிருமாம். ஆனாக் கூடவே ருசியும் போயிருமாம். சில பேருக்குத் திரும்பி வருதாம், சில பேருக்கு வாரதே இல்லையாம். டாக்டர் பொண்ணு நெம்ப நல்ல மாதிரிங்க, ஒளிக்காமச் சொல்லிருச்சு."

நான் மேசைமேல் இருந்த மாத்திரை அட்டையில் மிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மாப்பிள்ள துபாய்ல இருந்து வாரப்ப ஒரு பாட்டல் கொண்டாந்தாருங்க. ஸ்காட்சுங்க. ஏர்போர்ட்டுல கீழ்த்தட்டுல இருந்துதான் எடுத்திருப்பாரு, மேல்தட்டுக்கு அவுரு கை எட்டாது. அது கெடக்கட்டும். இத்தன வருசமா நான் அரசாங்கக் கடைல வாங்கிக் குடிச்சதெல்லாம் மூக்கப் புடிச்சுட்டுக் கவுத்ததுதானுங்க. ருசின்னு ஒண்ண நின்னு பாத்ததே இல்ல. ருசி போறதுக்கு முன்னால ஒருக்காப் பாத்துப்போடலாமுன்னு இருக்குது. நீங்க வந்து ஜவ்வரிசிக்குப் போடறாப்பல மார்க் போடோணும். நீங்க இன்னது இன்னதுன்னு சொல்லச் சொல்ல, நான் குடிக்கோணும். ஒரு வாயி போதுமுங்க."

"குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையா?"

"சொல்லுச்சுங்க. திங்கக்கெழமைல இருந்துன்னு நான் எடுத்துக்கிட்டனுங்க."

அவருக்கு அது விளையாட்டாக இருந்தது. எனக்குக் கவலைகள் வரிசையில் வந்து நின்றன. முதலாவது அவர் நாக்கு. இரண்டாவது, எனக்கு விஸ்கி தெரியாது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மைத்துனர் ஊற்றித் தரும் ஒரு சின்ன கிளாஸ்தான் என் அனுபவம். மூன்றாவது பெரிய கவலை: அது தவக்காலம். சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை எங்கள் வீட்டில் கறியும் இல்லை, குடியும் இல்லை. திங்களுக்கு முன்னால் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

தவக்காலம் நாற்பது நாள் என்பார்கள். நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு வரும். ஞாயிறுகள் ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அவை நோன்புக் கணக்கில் சேராது. ஆறு ஞாயிறைக் கழித்தால் நாற்பது சரியாக வரும். கல்யாணமான வருடத்திலிருந்து இந்தக் கணக்கை என் மனைவியிடம் சொல்லி வருகிறேன், ஞாயிறன்று ஒரு துண்டு கறி கிடைக்காதா என்று. ஒரு வருடம்கூடச் செல்லுபடியானதில்லை. நோன்பு என்றால் நோன்பு என்பாள்.

சனிக்கிழமை மாலை அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சுண்டலுக்குக் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஞாயிறு கணக்குல வராது, ஞாயிறு கணக்குல வராதுன்னு சொல்லிட்டே இருப்பீங்களே" என்றாள்.

"ஆமா."

"நாளைக்கு வராம போகட்டும். காலைப் பூசை பார்த்துட்டுப் போயிட்டு வாங்க." ஒரு சொத்தைக் கடலையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்களும் ஒரு வாய்தான். அவருக்காகப் போறீங்க, உங்களுக்காக இல்ல."

இரண்டு கண்ணாடி டம்ளர்களைத் தினத்தாளில் சுற்றினேன். வெள்ளைச் சாசரைத் துண்டில் சுற்றினேன். மல்லசமுத்திரத்துப் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால், எங்கள் வீட்டுக் குழாயில் வந்த காவிரித் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டேன். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கம்பிகள் நான்கு. அன்றைக்கு அவற்றை ஒரு முறைக்கு மேல் எண்ணவில்லை. வெயில் இன்னும் முற்றாத நேரம். ஜவ்வரிசிக்கு மாவு தரும் மரவள்ளி, எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு, அதன் செடிகள் தோளுயரத்துக்கு நின்று, எல்லா இலைகளும் விரல் விரித்துக் காற்றில் ஒரே பக்கம் சாய்ந்தன. தூரத்தில் மலைகள் நீலமாக, தண்ணீரில் கரைத்துவிட்ட மாதிரி இருந்தன. எங்கேயோ ஒரு மில்லில் இருந்து, மாவு ஊறும் தொட்டிகளின் புளித்த வாசம் வந்து பேருந்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார், வெளியூர்க்காரர் போல. எனக்கு அந்த வாசத்தில் தூக்கம் வரும். கண்ணை மூடினேன். தட்டுகள், தட்டுகள், தட்டில் வெண்மணிகள் உருண்டு வந்து ஒவ்வொன்றாய் நிற்பது தெரிந்தது. விழித்தபோது நிறுத்தம் தாண்டப் பார்த்தது. மடியிலிருந்த டம்ளர்கள் உடையவில்லை.

அவருடைய வீடு பழைய மில்லை ஒட்டியே இருக்கிறது. அவர் மனைவி வாசலிலேயே என் துணிப்பையைப் பார்த்துவிட்டார்.

"வாங்ணா. ஒடம்பு செரியில்லாத மனுசனப் பாக்க வாரவங்க ஆப்பிள் கொண்டாருவாங்க. நீங்க டம்ளர் கொண்டாறீங்க. நெம்ப நல்லா இருக்குதுங்ணா."

"அவர்தான் கூப்பிட்டார்மா."

"கூப்புட்டாரு, கூப்புட்டாரு. ஒரு வாயிங்ணா. அதுக்கு மேல ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா பாட்டலு அந்தக் களத்துல செதறிக் கெடக்கும், சொல்லீட்டேன்." சொல்லும்போது அவர் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "நேத்தெல்லாம் சிரிச்சுக்கிட்டே இருந்தாருங்ணா. எனக்கு அதுதான் பயமாயிருக்குது" என்றார்.

களம் என்பது ஜவ்வரிசி காயப்போட்ட சிமெண்ட் தளம். ஒரு காலத்தில் அதன்மேல் வெள்ளை விரிந்து கிடக்கும். வெயிலில் பார்த்தால் ஏரி மாதிரி இருக்கும். இப்போது ஒரு மூலையில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. மீதியெல்லாம் வெறும் வெளிச்சம். ஓரத்துத் தகரக் கொட்டகையின் நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு ஸ்டூலும் போட்டு அவர் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, தலை வாரியிருந்தார். ஏலத்துக்கு வரும்போது அப்படித்தான் வருவார்.

"சாம்பிள் ரெடிங்க, ஆபீசருங்க."

பாட்டிலைக் கையில் வாங்கி லேபிளைப் படித்தேன். கலவை விஸ்கி என்று இருந்தது. பல சாராய வடிப்பாலைகளின் சரக்கைக் கலந்து ஒன்றாக்கியது. எங்கள் தொழிலில் கலப்பு என்ற சொல்லைக் கேட்டாலே கை சிவப்பு மையைத் தேடும். இரண்டு மில்லின் ஜவ்வரிசியை ஒரே மூட்டையில் கலந்தால் அப்போதே வெளியே. இங்கே அதையே பெருமையாக அச்சடித்திருந்தார்கள். இதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப இப்பவே தள்ளுபடிங்களா? மூடியத் தொறக்கவாச்சும் உடுங்க."

இருவரும் காவிரித் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தோம். நான் ஊற்றினேன். எனக்கு இரண்டு விரல். அவருக்கு ஒரு விரல், அதற்கு இரண்டு பங்கு தண்ணீர். தண்ணீர் போய்க் கலக்கும்போது உள்ளே எண்ணெய் போலச் சில கோடுகள் எழுந்து சுருண்டு காணாமல் போயின. சாசரை அடியில் வைத்தேன். அந்த மஞ்சள் வந்து விழுந்தது. நாங்கள் இரண்டு கிழவர்களும் அதன்மேல் குனிந்திருந்தோம். கொட்டகைத் தகரம் சூட்டில் டிக் டிக் என்று சத்தம் போட்டது. காக்கை ஒன்று நிலக்கடலை மேல் இறங்கி, எங்களைப் பார்த்து, பறக்காமல் நின்றது. அந்த நேரத்துக்கு ஓட்டம் இல்லை. வெயில் அதே இடத்தில் இருந்தது. திங்கட்கிழமை எங்கேயோ வேறு ஊரில் இருந்தது.

ஒரு சுண்ணாம்புக் கட்டியால் காலடியில் சிமெண்ட்டிலேயே எழுதினேன். நிறம், பதினாறு. தெளிவு, பதினெட்டு.

"பதினெட்டா! என்ற சரக்குக்கு ஒரு நாளாச்சும் போட்டிருக்கறீங்களா?"

"உங்க சரக்கில் சாக்கு நூல் கிடக்கும்."

"எளுதுங்க, எளுதுங்க."

வாசத்துக்கு முன்னால் ருசி பார்ப்போம் என்றேன். வாசத்தில் நான் மெதுவானவன். ஒரு வாய் எடுத்தேன். தொண்டைக்கு அனுப்பாமல் நாக்கின்மேல் நிறுத்தினேன். முதலில் இனிப்பு வந்தது, கொஞ்சம்தான். "கொய்யா. நல்லாப் பழுக்கறதுக்கு முந்தின நாள் கொய்யா" என்றேன். அவர் கண்ணை மூடித் தன் டம்ளரை உதட்டில் வைத்தார். நான் சொல்லச் சொல்ல அவர் வாய் அசைந்தது. "அப்புறம் பொட்டுக்கடலை. வறுத்த சூடு இன்னும் போகாதது. ஓரத்தில் மிளகு. நாக்கு நுனியில் இல்லை, ஓரத்தில்."

"இருக்குதுங்க." கண் மூடியே இருந்தது. "எரியுதுங்க, ஆனா இருக்குதுங்க. கொய்யா இருக்குது. அட!" ஒரு குழந்தை ஜன்னல் வழியாக ரயிலைப் பார்த்துச் சொல்வது போல அந்த 'அட'யைச் சொன்னார். "இத்தன நாளும் இது இதுக்குள்ளயா இருந்துச்சு?"

விழுங்கிய பின் ருசி சீக்கிரமே போய்விட்டது. நடுத்தரச் சரக்கு அப்படித்தான். விலைக்குப் பழுதில்லை. ருசி, பதினைந்து. நிலைப்பு, பன்னிரண்டு. கடைசியாக மூக்கை டம்ளருக்குள் விட்டேன். இனிப்பு, ஈரச் சாக்கு, வைக்கோல், பிறகு அடியில், எல்லாவற்றுக்கும் அடியில், அது இருந்தது. முப்பத்து மூன்று வருடம் காத்த மூக்கு என்னைக் கேட்காமலே நிமிர்ந்தது.

"வாசம்: புகை. பூஜ்யம். தள்ளுபடி" என்றேன். சொல்லிக்கொண்டே சிமெண்ட்டில் வட்டமும் போட்டுவிட்டேன்.

போட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் டம்ளர் பாதி வழியில் நின்றிருந்தது. முகத்தில் அந்த 'அட' அப்படியே இருந்து, மெல்ல வடிந்தது. அவருக்கு இருந்த ஒரே வாயை நான் கறுப்புத் தட்டில் போட்டுவிட்டேன். அழித்துவிடலாமா என்று காலால் அந்த வட்டத்தை மறைத்தேன்.

அவர் டம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனார். ஒருமுறை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று எழுந்தேன். சிரிக்கிறார்.

"ஆபீசருங்க! இது என்ற லோடுங்க!"

"எது?"

"அந்த நாப்பது மூட்ட! ஈர வெறகு! இதே வாசமுங்க! நீங்க தள்ளுனீங்களே, அதே வாசத்த வெள்ளக்காரன் பாட்டல்ல ஊத்தி, கப்பல்ல ஏத்தி, காசு பாக்கறானுங்க! நான் மடையன், ஜவ்வரிசின்னு கொண்டாந்துட்டேன்!"

சிரிப்பு இருமலானது. அவர் மனைவி ஓடிவந்தார். தண்ணீர் குடித்து ஆசுவாசமானதும் அவர் மேசையைத் தட்டுவது போல ஸ்டூலைத் தட்டினார். "தள்ளுபடிய ஒத்துக்க மாட்டனுங்க. மறு சாம்பிள் எடுங்க."

"இன்னொரு வாயா?" என்று மனைவி கையை ஓங்கினார்.

"இன்னைக்கு இல்ல புள்ள. கரண்டெல்லாம் முடிஞ்சு, நாக்குல ருசி வந்த பொறவு. அதுவரைக்கும் சட்டப்படி சீல் வெக்கோணும். ஏனுங்க, செரிதானுங்களா?"

சரிதான் என்றேன். அரக்கு இல்லை. அவர் மனைவி ஊறுகாய் ஜாடிக்கு வைத்திருந்த மெழுகை உருக்கிக் கொடுத்தார். பாட்டில் கழுத்தில் சாக்குத் தைக்கும் நூலைச் சுற்றி, முடிச்சில் மெழுகை ஊற்றி, காகிதத்தில் இருவரும் கையெழுத்திட்டு ஒட்டினோம். தகராறுச் சாம்பிள் எங்கள் தரப்பிடம்தான் இருக்க வேண்டும். அதனால் நான் எடுத்து வந்தேன். பேருந்தில் அதை மடியில் வைத்திருந்தபோது, அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்ன அந்த 'ருசி வந்த பொறவு' என்பது மட்டும் மனசில் திரும்பத் திரும்ப ஓடியது. வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சட்டத்திலும் அதற்கு இடமில்லை.

என் மனைவி அந்தப் பாட்டிலை அலமாரியில், வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த மாதா தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க விடவில்லை. பிறகு வேறு இடம் அகப்படாமல் அங்கேயே வைத்தாள், நடுவில் ஒரு ஜெபப் புத்தகத்தை நிறுத்தி. மட்டம் குறைகிறதா என்று பார்க்க நான் கண்ணாடியில் பென்சிலால் கோடு போட்டேன். தினமும் பார்த்தேன். குறையவில்லை. வேனிலில் மட்டும் ஒரு மயிரிழை இறங்கியது போலத் தோன்றியது. அன்று சோறு இறங்கவில்லை.

கட்டி கரைந்துவிட்டது என்று கோடையின் முடிவில் செய்தி வந்தது. ருசி போனது போனதுதான். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார், சட்டை தோளில் தொங்கியது. பேச்சு குறைந்துவிட்டது. அவர் மனைவிதான் பேசினார்.

"இட்டலி வெச்சா ரப்பராட்ட இருக்குதுங்கறாரு. குளம்பு வெச்சா சேறாட்ட இருக்குதுங்கறாரு. உப்புப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்னு தட்டத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சுடறாருங்ணா. இப்புடியே சாப்படாமக் கெடந்தா ஆளு தேற மாட்டாருன்னு டாக்டர் பொண்ணு சத்தம் போடுது. கட்டி போயி என்னுங்ணா புண்ணியம்?"

அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் புறப்படும்போது மட்டும், "சீலு பத்தரமா இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குது."

தலையை ஆட்டினார். நம்பிக்கையோடு கேட்டாரா, சும்மா கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. வீடு திரும்பி மெழுகைத் தொட்டுப் பார்த்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒருநாள் காலையில் அவர் மனைவி போன் செய்தார். "பாட்டலக் கொண்டாங்ணா" என்றார். இதை அவர் வாயிலிருந்தா கேட்கிறேன் என்று இருந்தது. "டாக்டரக் கேட்டுட்டேன். உள்ள போகக் கூடாது. மோந்து பாக்கட்டும், நாக்க நனைக்கட்டும், துப்பட்டும்னு சொல்லிருச்சு. மூணு நாளாக் கஞ்சி கூட எறங்கல. என்னமோ ஒண்ணுல ஆசை வரோணுமுங்ணா."

மழை மூட்டத்தில் ஊர் முழுக்கப் புளித்த மாவு வாசம் தாழ இறங்கிக் கிடந்தது. களத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஏரி திரும்பி வந்த மாதிரி. நான் எழுதிய மார்க்கெல்லாம் எப்போதோ போயிருந்தது. கொட்டகையில் அதே நாற்காலிகள். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலை வாரியிருந்தார்.

சீலைக் காட்டினேன். கையெழுத்து தன்னுடையதுதான் என்று விரலால் தொட்டு ஒப்புக்கொண்டார். மெழுகை உடைத்தேன். ஊற்றினேன். சாசரை வைத்தேன். மழை வெளிச்சத்தில் அந்த மஞ்சள் சாம்பல் பூத்துத் தெரிந்தது. நாக்கை நனைத்துப் பார்த்தார். காத்திருந்தோம். தகரத்திலிருந்து தண்ணீர் விழும் சத்தம்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார். "எரியுது. அவ்வளவுதான்."

துப்பிவிட்டு டம்ளரை ஸ்டூலில் வைத்தார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொய்யாவைச் சொல்லலாமா, பொட்டுக்கடலையைச் சொல்லலாமா என்று நான் தவித்தேன். இல்லாததைச் சொல்லி மார்க் வாங்கிக் கொடுக்க முடியாது. "வாசம் இன்னும் பார்க்கவில்லையே" என்றேன், எழுந்துபோக வழியில்லாமல்.

அவர் டம்ளரை மறுபடி எடுத்தார். மூக்கை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு அவர் இமை துடித்தது.

"யாரு அடுப்புப் பத்த வெச்சது?" என்றார்.

நான் எழுந்து மழையில் நனைந்துகொண்டே வீட்டுச் சமையலறை வரை போய்ப் பார்த்தேன். பின்கட்டில் பார்த்தேன். வெந்நீர் அடுப்புக் குளிர்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக் கூரையிலும் புகை இல்லை.

"அடுப்புப் பத்த வெச்சீங்களாம்மா?"

"இல்லீங்ணா. நம்முளது கேசுங்க. அதும் இன்னைக்கு இன்னும் பத்த வெக்கல."

திரும்பி வந்து சொன்னேன். எங்கேயும் நெருப்பு இல்லை. அவர் மறுபடி டம்ளருக்குள் மூக்கை விட்டார். இந்த முறை சின்னப் பிள்ளை மாதிரி உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

"ஈர வெறகுங்க" என்றார். "என்ற நாப்பது மூட்டைங்க. இருக்குதுங்க, ஆபீசருங்க. வேற ஒரு எளவும் இல்ல, அது இருக்குது. உங்க தள்ளுபடிதானுங்க மொதல்ல வந்து சேந்திருக்குது."

அவர் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவர்தான் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்புள்ள, வெந்நீரடுப்புல ரெண்டு வெறகப் போட்டு ரசம் வெய்யி. கேசுல வேண்டாம். ஈர வெறகாப் பாத்துப் போடு. மொளகு தூக்கலா இருக்கட்டும்."

"கண்ணு எரியுமே" என்றார் அவர் மனைவி. சொல்லிவிட்டு ஓடினார். ஓடும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் அடுப்பே பற்ற வைக்கவில்லை.

"எளுதுங்க" என்றார் அவர் என்னிடம். களத்தில் தண்ணீர் நின்றதால், கொட்டகைக்குள் காய்ந்திருந்த ஒரு முழ இடத்தில் குனிந்து எழுதினேன். மறு சாம்பிள். வாசம். பதினெட்டு வரை வந்து வழக்கம்போல நின்றேன். அப்புறம் அதை அழித்துவிட்டுப் பத்தொன்பது போட்டேன்.

அவர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்த இன்னொண்ணு எங்கீங்க?"

"புகைக்குக் கழித்துவிட்டேன்" என்றேன்.